கனவும் கணக்கு நோட்டும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்காமரி. அந்நகர மேயருக்கு 1954 மே 21 தேதியிட்ட கடிதம் ஒன்று போனது. எழுதியவர் ஜோ ஆன் ராபின்சன். அங்கிருந்த கறுப்பினக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பெண்கள் அரசியல் மன்றம் என்ற உள்ளூர் அமைப்பின் தலைவி. நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவரை நடத்தும் விதத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார். அந்தப் பணிவுக்கு நடுவே ஒரு கணக்கையும் வைத்திருந்தார். பேருந்தில் போகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். அவர்கள் ஏறாவிட்டால் வண்டி ஓடாது. இருபத்தைந்துக்கு மேற்பட்ட அமைப்புகள் ஏற்கெனவே புறக்கணிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன.

ரோசா பார்க்ஸ் கைதானது இதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று.

நமக்குப் பழகிய கதையில் இந்த ஒன்றரை ஆண்டு இல்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த தையற்காரப் பெண் ஒருவர் இருக்கையை விட்டு எழ மறுத்தார், ஊரே கொதித்தெழுந்தது, மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியார் மேடையேறினார், எட்டு ஆண்டு கழித்து வாஷிங்டனில் தன் கனவைச் சொன்னார், சட்டம் வந்தது. பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால், இப்படிச் சொல்லும்போது வேலை பார்த்தவர்களெல்லாம் கதையிலிருந்து இறக்கிவிடப்படுகிறார்கள். அநீதி முற்றினால் போராட்டம் தானாக வெடிக்கும், தலைவர் தானாகத் தோன்றுவார் என்ற சோம்பேறி நம்பிக்கைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறே சாட்சியாகிவிடுகிறது. அந்த வரலாறு சொல்வதோ வேறு. அங்கே கோபத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தக் கோபத்தைக் காகிதம், கார், பணம், பட்டியல் என்று மாற்றத் தெரிந்தவர்கள் சேர்ந்தபோதுதான் வெற்றி வந்தது.

முதலில் பார்க்ஸ். அவர் தையல் வேலை பார்த்தது உண்மை. 1943-லிருந்தே என்.ஏ.ஏ.சி.பி. எனப்படும் கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்ததும் உண்மை. 1944-ல் அலபாமாவின் அபிவில் என்ற ஊரில் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர்கள் கும்பலாகப் பாலியல் வன்கொடுமை செய்தபோது, அங்கே போய் விசாரித்தவர் இவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசி மாநிலத்தின் ஹைலாண்டர் என்ற தொழிலாளர் கல்விக்கூடத்தில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அன்றைக்கு உடம்பு ஒன்றும் அவ்வளவு களைப்பாக இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் களைத்த தையற்காரியை விடக் கதைசொல்லிகளுக்கு மனமில்லை.

அந்தப் பேருந்தின் விதிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். 36 இருக்கைகளில் முன்னால் இருக்கும் 10 வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் போக வேண்டும். முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்குப் போய் மறுபடி ஏறச் சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்களும் உண்டு. 1943-ல் இப்படிப் பின்வாசலுக்குப் போக மறுத்த பார்க்ஸை இறக்கிவிட்ட ஜேம்ஸ் பிளேக் என்ற ஓட்டுநர்தான், 12 ஆண்டு கழித்துப் போலீஸைக் கூப்பிட்டவரும். அன்று நின்றுகொண்டிருந்த வெள்ளையர் ஒரே ஒருவர். அவர் உட்கார்வதற்காக ஒரு வரிசையில் நான்கு பேர் எழ வேண்டும். மூன்று பேர் எழுந்துவிட்டார்கள்.

கைதான செய்தி அன்றிரவு ராபின்சனை எட்டியது. அவர் கூட்டம் கூட்டவில்லை, கல்லூரிக்குப் போனார். வணிகத் துறைத் தலைவரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, விடியவிடிய சைக்ளோஸ்டைல் எந்திரத்தைச் சுற்றினார். திங்கட்கிழமை ஒருநாள் பேருந்தில் ஏறாதீர்கள் என்ற துண்டறிக்கை. காகிதம் மிச்சமாக வேண்டுமென்று ஒரு தாளில் மூன்று. 50,000-க்கும் மேல் அச்சடித்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார். அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி. வெளியே தெரிந்தால் வேலை போகும். மறுநாள் பள்ளிக்கூடங்கள், அழகு நிலையங்கள், கடைகள், ஆலைகள் என்று யார் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற பட்டியல் முன்பே தயாராக இருந்தது. ஒரே நாளில் நகரம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. விட்டுப்போன ஆட்களுக்கு வெள்ளையர் நடத்திய ‘மாண்ட்காமரி அட்வர்டைசர்’ நாளிதழே ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் செய்தி போட்டுத் தெரிவித்துவிட்டது. நிருபருக்குத் தகவல் கொடுத்தவர் இ.டி. நிக்சன், ரயிலில் படுக்கைப் பெட்டிச் சிப்பந்தி, தொழிற்சங்கக்காரர், பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவர்.

இத்தனையும் நடந்து முடிந்த பிறகுதான் கிங் வருகிறார். டிசம்பர் 5, திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின. அன்று பிற்பகல் மாண்ட்காமரி மேம்பாட்டுச் சங்கம் அமைக்கப்பட்டு, ஊருக்குப் புதியவரான 26 வயதுப் பாதிரியார் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதியவர் என்பதே அவருக்கு இருந்த தகுதிகளில் ஒன்று: உள்ளூர்க் கோஷ்டிகளில் அவருக்கு நண்பரும் இல்லை, விரோதியும் இல்லை. அன்றிரவு ஹோல்ட் தெரு தேவாலயத்தில் அவர் பேசிய பேச்சு மகத்தானது, அதில் சந்தேகமில்லை. அதைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி வைத்தது துண்டறிக்கை.

சங்கம் வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் இன்றைக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கும். மரியாதையாக நடத்துங்கள், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசையில் உட்காரட்டும், கறுப்பினத்தவர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை நியமியுங்கள். பிரிவினையை ஒழிக்கச் சொல்லவே இல்லை! நகர நிர்வாகம் இதைக்கூடக் கொடுக்க மறுத்த பிடிவாதத்தால்தான் போராட்டம் பெரிதானது. ஆதிக்கத்தின் முட்டாள்தனத்துக்கும் சிவில் உரிமை வரலாற்றில் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

ஒருநாள் புறக்கணிப்பு 381 நாள் நீண்டது. ஆயிரக்கணக்கானவர்கள் அன்றாடம் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் பெண்கள், கூலித் தொழிலாளர்கள். முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியை நகராட்சி தூசி தட்டி எடுத்தது. உடனே சொந்தக் கார் வைத்திருப்பவர்களின் பட்டியல் தயாரானது. 1953-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் இப்படியொரு புறக்கணிப்பு நடந்திருந்தது. அதை நடத்திய பாதிரியார் ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் யோசனை கேட்டுக்கொண்டார். சுமார் 300 கார்கள், நகரமெங்கும் ஏறும் இடங்கள், இறங்கும் இடங்கள், நேர அட்டவணை. இந்தப் பிரிவுக்குப் பொறுப்பு ரூஃபஸ் லூயிஸ். முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர், வாக்காளர் பதிவுக்காகப் பல ஆண்டுகள் அலைந்தவர். பிறகு ஸ்டேஷன் வேகன்கள் வாங்கி ஒவ்வொரு தேவாலயத்தின் பெயரிலும் பதிவு செய்தார்கள். மக்கள் அவற்றை உருளும் தேவாலயங்கள் என்றார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியை ரத்து செய்தன. அட்லாண்டாவிலிருந்த டி.எம். அலெக்சாண்டர் என்ற கறுப்பின முகவர் லண்டனின் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு வாங்கிக் கொடுத்தார். ஒரு புரட்சியின் முக்கியத் திருப்பங்களில் இன்சூரன்ஸ் பாலிசியும் ஒன்று என்று எந்தத் திரைப்படத்தில் காட்டுவார்கள்?

வெள்ளை வீட்டு எஜமானிகள் பலர் தங்கள் வேலைக்காரப் பெண்களைத் தாங்களே காரில் போய் அழைத்துவந்தார்கள். அதை நிறுத்துங்கள் என்று மேயர் கெய்ல் அறிக்கை விட்டார். அப்படியானால் மேயரே வந்து துவைத்து, சமைத்து, பிள்ளையையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னதாக, பார்க்ஸின் குடும்ப நண்பரான வர்ஜீனியா டர் நினைவுகூர்ந்திருக்கிறார். கொள்கைக்கும் அடுப்படிக்கும் இடையில் அடுப்படி ஜெயித்தது.

பெட்ரோலுக்குப் பணம்? இங்கே ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரம்மா வருகிறார். கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை, பொரித்த கோழி சாண்ட்விச் என்று பெண்களைக் கூட்டாகச் செய்யவைத்து, அழகு நிலையங்களிலும் வீடு வீடாகவும் விற்று, வாரந்தோறும் பொதுக்கூட்டத்தில் பணத்தைக் கட்டினார். குழுவின் பெயர் ‘எங்கிருந்தும் இல்லாதோர் மன்றம்’. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்லிவிடலாம். வாங்கிச் சாப்பிட்டவர்களில் வெள்ளையரும் உண்டு. நீதிமன்றத்தில் கிங்குக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னதற்காக கில்மோருக்கு உணவக வேலை போனது. அதன்பின் வீட்டிலேயே சமைத்து விற்றார். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை தலைவர்கள் ரகசியமாகக் கூடிப் பேசும் இடமானது.

நகரம் சும்மா இருக்கவில்லை. 1956 ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. இரண்டு நாள் கழித்து நிக்சன் வீட்டில். பிப்ரவரியில் 1921-ம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின் கீழ் 89 பேர் மீது வழக்கு. குற்றப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தாங்களாகவே போய்க் கேட்டுக் கைதானார்கள். கார் ஏற்பாட்டுக்கே தடை வாங்கியது நகராட்சி. அந்தத் தடை வந்த 1956 நவம்பர் 13 அன்றுதான், பேருந்துப் பிரிவினை செல்லாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்த வழக்கில் பார்க்ஸ் வாதி இல்லை. ஃப்ரெட் கிரே என்ற 25 வயது வக்கீல் வேறு நான்கு பெண்களின் பெயரில் நடத்திய வழக்கு அது. அவர்களில் ஒருவர் கிளாடெட் கோல்வின். பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், பள்ளி விட்டு வரும் வழியில் எழ மறுத்துக் கைதானவர். அவரை முன்னிறுத்திப் போராடலாமா என்று யோசித்த தலைவர்கள் பின்வாங்கினார்கள். ஏழைக் குடும்பம், சின்னப் பெண், பிறகு கர்ப்பமும் ஆனார். எதிரிக்குப் பிடி கொடுக்காத முகம் தேவை என்பது அவர்கள் தரப்பு. தந்திரமாகச் சரியாக இருக்கலாம். நியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அமைப்புகளைப் புகழும்போது, அமைப்புகள் ஆட்களைக் கழித்துக்கட்டும் விதத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீதிமன்றம்தானே தீர்த்துவைத்தது, பின் எதற்கு ஓராண்டு நடை என்ற கேள்வி அன்றே எழுந்தது. பள்ளிகளில் பிரிவினை கூடாது என்று அதே உச்ச நீதிமன்றம் 1954-ல் சொன்ன பிறகும் தென் மாநிலங்களில் பெரும்பாலான பள்ளிகள் பல ஆண்டுகள் அசையவில்லை என்பது அதற்குப் பதில். தீர்ப்பைத் தெருவில் இறக்க ஆள் வேண்டும்.

இந்த ஆள் சேர்க்கும் வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்க்கத் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவுக்குப் போவது நல்லது. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவுக்காரர்களை சார்ல்ஸ்டன் நகருக்கு வேலைக்கு ஏற்றிச்செல்லும் பேருந்து ஓட்டினார். வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. பல பேருக்கு எழுத்தே தெரியாது. பயண நேரத்தில் ஜென்கின்ஸ் சட்டப் பிரிவுகளைச் சொல்லிக்கொடுத்தார். வாய்ப்பாடம் மட்டும் போதாது, எனக்கு உண்மையாகவே படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று ஒரு பெண் பயணி கேட்டார்.

ஹைலாண்டர் கல்விக்கூடம் கடன் கொடுத்தது. பழைய கட்டடம் ஒன்றை வாங்கி முன்பக்கம் மளிகைக் கடை போட்டார்கள். வெள்ளையருக்குச் சந்தேகம் வராது. பின்பக்கம் வகுப்பு. 1957 ஜனவரியில் 14 மாணவர்களோடு தொடங்கியது. திட்டத்தின் மூளை செப்டிமா கிளார்க். தன் 18-வது வயதில் இதே தீவில் ஆசிரியையாக வேலை தொடங்கியவர். நாற்பது ஆண்டு கற்பித்தபின், என்.ஏ.ஏ.சி.பி.யிலிருந்து விலக மறுத்ததால் 1956-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், ஓய்வூதியமும் போனது. ஹைலாண்டரில் ரோசா பார்க்ஸ் கலந்துகொண்ட பயிலரங்கை நடத்தியதும் அவரே.

முதல் வகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், தன் உறவுக்காரப் பெண்; அழகு நிலையம் நடத்தியவர். ஆசிரியர் பயிற்சி இல்லாததையே கிளார்க் தகுதியாக எடுத்துக்கொண்டார்: பெரியவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்தமாட்டார். இன்னொரு கணக்கும் உண்டு. அழகுக்கலைக்காரரின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள். வேலையை விட்டுத் தூக்க வெள்ளை முதலாளி கிடையாது. தென் மாநிலங்களில் அழகு நிலையங்கள் அரசியல் கூடங்களானதற்கு இதுவே காரணம். முதல் நாள் பெர்னிஸ் கேட்ட கேள்வி, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பது. கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவம் நிரப்ப வேண்டும் என்று பதில்கள் வந்தன. பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு அதையே பாடமாக்கினார். அரசமைப்புச் சட்டம் அதற்குப் பின்னால் வந்தது.

பக்கத்துத் தீவுகளிலிருந்து எங்களுக்கும் வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். 1961-ல் டென்னசி அரசு ஹைலாண்டரை மூடிவிட்டது. அதற்குள் திட்டம், மாண்ட்காமரிக்குப் பிறகு கிங் தலைமை வகித்த அமைப்புக்குக் கைமாறி, ஜார்ஜியா மாநிலத்தில் ஆசிரியர் பயிற்சி நடக்கத் தொடங்கியிருந்தது. அங்கே பயின்றவர்களில் ஒருவர் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர். 1965-ன் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் பதிவாகியிருந்தவர்கள் 6.7 சதவீதம். சட்டத்துக்குப் பின், 1967-ல் அது 59.8 சதவீதம். அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை ஊர்வலம் போய்ப் போலீஸ் அடியில் மண்டை உடைந்தவர்கள் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கதவு திறந்ததும் உள்ளே போகப் பலரைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தவை இந்த மளிகைக்கடைப் பள்ளிகளும் அவற்றைப் போன்ற நூற்றுக்கணக்கான வகுப்புகளும்.

எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், உள்ளூர் ஆட்களை விடுங்கள் என்று கிங்குக்குக் கடிதம் எழுதினார் கிளார்க். கூட்டத்தில் அதை வாசித்தபோது ஆண்கள் சிரித்தார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார்.

கனவுப் பேச்சுக்குப் பெயர்போன 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியின் முழுப்பெயர் ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’. குறைந்தபட்சக் கூலி மணிக்கு இரண்டு டாலர் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. பேச்சைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இரண்டே மாதத்தில் அதை ஏற்பாடு செய்தவர் பேயர்ட் ரஸ்டின். சுமார் 2,000 பேருந்துகள், தனி ரயில்கள், கழிப்பறைகள், குடிநீர்க் குழாய்கள், முதலுதவி. முந்தைய இரவு நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் தன்னார்வலர்கள் 80,000 சாப்பாட்டுப் பொட்டலங்கள் கட்டினார்கள்; ஒவ்வொன்றிலும் சீஸ் சாண்ட்விச். ரஸ்டின் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதால் அவரைப் பெயரளவில் துணை இயக்குநராக வைத்தார்கள். அப்படியும் ஒரு செனட்டர் அவையிலேயே அவரது பழைய கைதைப் படித்துக் காட்டினார். மேடையின் முக்கியப் பேச்சாளர் பட்டியலில் பெண்கள் இல்லை.

இந்தியத் தொடர்பையும் விட முடியாது. புறக்கணிப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே அதைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டு நாளிதழுக்குக் கடிதம் எழுதியவர் ஜூலியட் மார்கன் என்ற வெள்ளை நூலகர். அதற்காக ஊர் அவரைப் படுத்திய பாட்டில் 1957-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். நாக்பூர் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஜேம்ஸ் லாசன் அங்கே இந்திய நாளிதழில்தான் மாண்ட்காமரி செய்தியைப் படித்தார். அமெரிக்கா திரும்பி நாஷ்வில் மாணவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி அளித்தார். அடித்தால், துப்பினால், நாற்காலியிலிருந்து தள்ளினால் என்ன செய்வது என்று ஒத்திகையே பார்த்தார்கள். 1959-ல் கிங் இந்தியா வந்து கன்னியாகுமரி வரை போனார். சூரியன் சாய நிலா எழுவதை அங்கே ஒருசேரக் கண்டதைப் பிரசங்கத்தில் சொன்னார். திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதையும், முதலில் துணுக்குற்றுப் பிறகு ஆமாம் என்று உணர்ந்ததையும் 1965-ல் கூறினார். காந்தியிடமிருந்து கிங் கற்றதை நம் மேடைகள் விரும்பிச் சொல்கின்றன. இந்தப் பள்ளிச் சம்பவத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை.

இன்று எல்லாருக்கும் பிடித்த கிங்கை, 1966-ல் காலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது அமெரிக்கர்களில் 63 சதவீதம் பேர் பிடிக்கவில்லை என்றார்கள். உயிரோடு, வேலை செய்துகொண்டு, சங்கடமான கோரிக்கைகளோடு நிற்கும் மனிதரை யாருக்கும் பிடிப்பதில்லை. இப்போது கொண்டாடப்படுவது கோரிக்கைகளைக் கழித்த பிறகு மிஞ்சிய குரல்.

வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆனது? பார்க்ஸுக்குத் தையல் வேலை போனது. 1957-ல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஜோ ஆன் ராபின்சன் மாநில அரசின் நெருக்கடியில் 1960-ல் கல்லூரியை விட்டார். புறக்கணிப்பைத் தொடங்கிய பெண்களைப் பற்றிய அவரது புத்தகம் 1987-ல்தான் வெளிவந்தது. செப்டிமா கிளார்க்கின் வேலைநீக்கம் அநியாயமானது என்று தென் கரோலினா ஒப்புக்கொண்டு ஓய்வூதியத்தைத் திருப்பித் தர 1976 ஆனது. அதற்குள் அவர் சார்ல்ஸ்டன் பள்ளி வாரியத் தேர்தலில் நின்று, ஜெயித்து, தன்னை வீட்டுக்கு அனுப்பிய அதே ஊரில் வாரிய உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.